தட்டைப் பிரிக்க வேண்டாம், ஜன்னலைத் திறங்கள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் வியாசர்பாடியில் இருக்கிறோம். தங்கை வீட்டுக்காரருக்கு டிபி என்று சளி டெஸ்டில் வந்துவிட்டது. ஆறு மாதம் தினமும் மாத்திரை, வீட்டிலேயே இருக்கலாம் என்கிறார் சுகாதாரப் பணியாளர். அம்மாவோ மாப்பிள்ளையைத் தாம்பரம் சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார். அதுவரைக்கும் அவருக்குத் தட்டு, தம்ளர் எல்லாம் தனி. பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது அந்த முறையே கிடையாதாம். அடிக்கடி பேச்சை மாற்றுகிறவர்களை நம்புவதா, அம்மா சொல்வதைக் கேட்பதா? தங்கை மகளுக்கு மூன்று வயது. பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்று, அவளுக்குப் பயமில்லைதானே?

க., வியாசர்பாடி

அன்புள்ள க.,

அம்மா சொல்வதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடாதீர்கள். 1950கள் வரை பெரிய பெரிய டாக்டர்களே சொன்னதுதான் அது: நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. அந்த நம்பிக்கையில்தான் 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார். குணமாகி வீடு திரும்பியவர்கள் கண்ணெதிரே இருந்தார்கள். ஆனால் அதே நிலையில் இருந்த ஒருவரை அங்கே சேர்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இத்தனை காலம் அந்த நம்பிக்கை நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஒப்பிட்டுப் பார்த்தது நம்ம ஊர். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் தலைமை. நகரத்தின் நெரிசலான, ஏழைப் பகுதிகளின் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை டாக்டர் முடிவு செய்யக்கூடாது, சீட்டு குலுக்குவதுபோல் விழவேண்டும். இல்லாவிட்டால் தேறுவார் என்று தோன்றுகிறவர்களையெல்லாம் தனக்குப் பிடித்த பக்கம் தள்ளிவிடுவார். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. இரண்டு பக்கமும் ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும்தான் மருந்து, ஒரு வருஷத்துக்கு. வீட்டில் இருந்தவர்கள் வாரத்துக்கொருமுறை வந்து மருந்து வாங்கிப்போனார்கள். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும், வாங்கியதைத் தூக்கி எறிய ஆசை வரும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பிடித்து மருந்து இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

1959இல் முடிவு வெளியானது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். ஒரே அறையில் குடும்பத்தோடு படுத்துறங்கி, போதாத சாப்பாடு சாப்பிட்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு வந்த கணக்கு அது. வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிப்பதற்கு முந்தைய மாதங்களிலேயே தொற்றியிருக்கும். மருந்து தொடங்கிய பிறகு பரப்பும் சக்தி மளமளவென்று குறைந்துவிடுகிறது. ஆக, மாப்பிள்ளை வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் மாறி, தாம்பரம் வரை போகத் தேவையில்லை. இருமும்போது நிறைய ரத்தம், மூச்சுத் திணறல் என்று நிலைமை மோசமானால் மட்டும் ஆஸ்பத்திரி; அதற்கும் பக்கத்திலேயே ஓட்டேரி டிபி ஆஸ்பத்திரி இருக்கிறது.

அந்த ஆய்விலிருந்து ஒரு தப்பான பாடமும் பரவியது. நல்ல சாப்பாடு கிடைக்காதவர்களும் மருந்தால் தேறினார்கள் என்பதை, டிபிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பலர் புரிந்துகொண்டார்கள். ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023இல் வெளியாகி இதைத் திருத்தியது. நோயாளிக்கு இரண்டு பக்கமும் உணவுப் பொருள். ஒரு பக்கத்தில் மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு. அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. பால், முட்டை என்று அம்மா அடம்பிடித்தால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் தங்கை பழைய சோற்றோடு நிற்காமல் இருந்தால் சரி.

வாரம் மூன்று நாள் விஷயத்துக்கு வருகிறேன். மருந்து பட்ட கிருமி சில நாள் வளராமல் முடங்கிக் கிடக்கும். அதனால் இடைவெளி விட்டுக் கொடுக்கலாம் என்பதையும் சேத்துப்பட்டில்தான் 1960களில் சோதித்தார்கள். பணியாளர் கண்ணெதிரே விழுங்கவைக்க அந்த முறை வசதி. 1997இல் தொடங்கிய தேசியத் திட்டமும் வாரம் மூன்று வேளையை எடுத்துக்கொண்டது. கோளாறு எங்கே என்றால், மூன்றில் ஒரு வேளை தவறினாலே அந்த வாரத்து மருந்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஏற்கெனவே ஐசோனியாசிடுக்கு மசியாத கிருமி உள்ளவர்களுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் நோய் திரும்புவதும், மருந்து கேட்காமல் போவதும் அதிகம். 2017இல் நாடு முழுக்கத் தினசரி முறைக்கு மாற்றினார்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கொடுத்தது விஷமில்லை, பலரைத் தேற்றிய முறைதான். அதை மாற்ற இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டார்களே என்பதுதான் என் குறை.

இத்தனை மாற்றத்திலும் அசையாமல் நிற்பது ஒன்று: 1882இல் ராபர்ட் கோக் காட்டிய கிருமி. மாறியதெல்லாம் அதை எங்கே வைத்து, எத்தனை நாள், எப்படி அடிப்பது என்பதுதான்.

தட்டு, தம்ளர் விஷயம் முடிந்துபோன வழக்கு. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி ஒரு சிறிய டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே கினிப்பன்றிகள் இருந்த கூண்டறைக்குக் கொண்டுபோனார். நோயாளியைத் தொடவில்லை, எச்சில் படவில்லை. அவற்றுக்கு டிபி வந்தது. புற ஊதாக் கதிர் காட்டிய காற்றைச் சுவாசித்தவை தப்பின. கொசுவுக்குப் பயந்து ஒற்றை ஜன்னலையும் சாத்திவிட்டுத் தட்டை மட்டும் தனியாக வைத்தால் பலன் பூஜ்யம். கொசுவுக்கு வலை அடியுங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். முதல் சில வாரம் மாப்பிள்ளை இருமும்போது வாயை மூடட்டும், வீட்டுக்குள் மாஸ்க் போடட்டும், காற்று வரும் பக்கம் படுக்கட்டும்.

சிகிச்சை கெடுவது பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில். இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், எடை ஏறும், 'சரியாயிடுச்சு' என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அப்போது மிச்சமிருப்பவை மெதுவாகச் சாகும் கிருமிகள். அவற்றுக்காகத்தான் பாக்கி நான்கு மாதம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ அது கல்லீரல். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். பார்வை மங்கினாலும் அப்படித்தான், அது எதாம்பியூட்டால் என்ற மருந்தின் வேலையாக இருக்கலாம்.

குழந்தை விஷயத்தில் பயம் வேண்டும். பிசிஜி மேல் இருந்த பெரிய நம்பிக்கை உடைந்ததும் உங்களுக்குப் பக்கத்தில்தான். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கம், 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்று காட்டியது. பிறந்த குழந்தைக்கு இன்னமும் போடுவது, மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவும் வகையாகவும் வரும் டிபியிலிருந்து காப்பதற்காக. தொற்றே வராது என்று அர்த்தமில்லை. ஐந்து வயதுக்குக் கீழே, வீட்டில் நோயாளி, இந்த இரண்டும் சேர்ந்தால் இருமல் இல்லாவிட்டாலும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதனை உண்டு. சுகாதாரப் பணியாளர் அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே குழந்தையை அழைத்துப்போங்கள்.