"இண்டையோட நிப்பாட்டுங்கோ" என்று சொல்லலாமா?

கேள்வி: நான் பிரதேச வைத்தியசாலை ஒன்றில் தாதிய உத்தியோகத்தர். பிரசர் கிளினிக்குக்கு வரும் 46 வயதுக்காரர் ஒருவர் தினமும் அரைப் போத்தல் சாராயம் எடுப்பவர். "இண்டையோட நிப்பாட்டுங்கோ அண்ணை" என்று சொல்லி அனுப்பினோம். நிறுத்தியும் விட்டார். மறுநாள் இரவு வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கே பிழை விட்டோம்?
— வாசகி, வடமராட்சி

பதில்: "இண்டையோட" என்ற சொல்லில்தான், சகோதரி.

அரைப் போத்தல் 375 மில்லிலீற்றர். 33.5 வீதச் சாராயம் என்றால் அதற்குள் ஏறக்குறைய 100 கிராம் தூய மதுசாரம். வருடக்கணக்காக இவ்வளவு இறங்கும்போது, மதுசாரம் அமுக்குவதை ஈடுகட்ட மூளை தன்னை முடுக்கியே வைத்திருக்கும். குடி சட்டென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். 6 மணித்தியாலத்திலிருந்து நடுக்கம், வியர்வை, ஓங்காளம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் ஆள் தடுமாறி, உடம்பில் இல்லாத பூச்சியைத் தட்டத் தொடங்கினால் அது உயிராபத்து. உடனே 1990 அம்புலன்ஸ்.

மனைவி பக்கத்தில் நிற்க, "குடிக்கிறனீங்களோ?" என்றால் "சும்மா கொஞ்சம்" என்றுதான் பதில் வரும். பிரசர் பட்டியைச் சுற்றும்போது தனியாகக் கேளுங்கள்: "சாராயமோ, கள்ளோ? ஒரு நாளைக்கு எவ்வளவு போகுது? கடைசியா எப்ப எடுத்தனீங்கள்? காலமை எடுக்காட்டி கை நடுங்குமோ? முந்தி விட்டநேரம் வலிப்பு வந்ததோ?" இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, மேலே ஒரு தாளை வையுங்கள். கண்ணுக்குத் தப்பும் நடுக்கமும் தாளின் ஓரத்தில் தெரியும்.

நடுக்கமோ பழைய வலிப்போ இருந்தால் வீட்டில் நிறுத்த விடக்கூடாது. வைத்தியரிடம் அன்றே காட்டுங்கள். வாட்டில் வைத்து, மூளையின் முடுக்கத்தை அடக்கும் டயசிபாம் மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். வாட்டில் இடம் கிடைக்கும்வரை சட்டென்று விடவேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். இன்னொன்று: சாப்பாடில்லாமல் குடித்தவருக்குத் தயமின் (விற்றமின் B1) ஊசி போடாமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். சீனி ஆபத்தாக இறங்கியிருந்தால் மட்டும் குளுக்கோஸைத் தாமதிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஹெரோயின் விடயம் வேறு. விடும்போது படும் பாடு கொடியது, ஆனால் அதில் உயிர் போவது அரிது. சில வாரம் விட்டிருந்து, பழைய அளவையே திரும்ப எடுக்கும்போதுதான் மூச்சு நின்றுபோகிறது. இதை ஹெரோயினை விடுபவருக்கும் வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

உங்கள் நோயாளி வாட்டிலிருந்து போகும்போது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து விடுங்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை ஒரு மாதம் தள்ளிப் போடாமல் ஒரு கிழமைக்குள் எழுதுங்கள். திரும்பக் குடித்துவிட்டு வந்தாலும் ஏசாமல் பிரசரைப் பாருங்கள். ஏச்சு விழுந்தால் பிரசர் குளிசைக்கும் வரமாட்டார்.