ராஜாவோட அம்மாவைக் கட்டிக்கிட்ட சாவிஷ்: கேட்டதுக்கெல்லாம் பதில்

போன தடவை பொஹீமியா பிரபுக்கள் பத்தி பேசும்போது சாவிஷ் பேரை ஒரு வரி சொல்லிட்டு விட்டுட்டேன், அதுலேர்ந்து ஒரே கேள்வி. வரிசையா சொல்றேன்.

கவின்: அக்கா, யாரு இவரு? சுருக்கமா.

ஃபால்கன்ஷ்டைன் சாவிஷ். 13ஆம் நூற்றாண்டு, அன்னைக்கு பொஹீமியா, இன்னைக்கு செக் நாடுன்னு சொல்றோமே அதோட தெற்குப் பக்கம். விட்கோவ்ட்சின்னு பெரிய குடும்பம், அஞ்சு இதழ் ரோஜாதான் சின்னம், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கலர். இவரு க்ரும்லோவ் கிளை, பச்சை ரோஜா.

ரஹீம்: ராஜாவுக்கும் இவருக்கும் என்ன வாய்க்கா தகராறு?

கிட்டத்தட்ட அதேதான் தம்பி, நிலத் தகராறு! ரெண்டாம் ஒட்டகார்னு பொஹீமியா ராஜா, இவங்க குடும்பம் ஆண்டுக்கிட்டிருந்த பக்கமா 1263ல ஸ்லாட்டா கொருனான்னு மடம் கட்டுறாரு, 1265ல புட்யெயோவிட்செ நகரத்தை உருவாக்குறாரு, அதாவது இவங்க கை நீளாம நடுவுல ஆப்பு அடிக்கிறாரு. இவங்க சும்மா இருப்பாங்களா? 1276ல ஜெர்மன் ராஜா ருடால்ஃப் ஒட்டகார் மேல படை எடுத்து வந்த நேரம் பார்த்து உள்ளேர்ந்து இவங்களும் கிளம்பிட்டாங்க. 1278 ஆகஸ்ட் 26ல ஒட்டகார் போர்க்களத்துலயே செத்துட்டாரு.

சுபா: அப்புறம் அவரு பொண்டாட்டியையே எப்படிக்கா கட்டினாரு? நம்பவே முடியல.

எனக்கும் முதல்ல படிச்சப்ப அப்படித்தான் இருந்துச்சு. ராணி பேரு குன்ஹூட்டா, பையன் வாட்ஸ்லாவுக்கு அப்ப ஏழு வயசுகூட முடியல. பிராண்டன்பர்க்ங்கிற ஜெர்மன் பகுதியை ஆண்ட ஓட்டோ கார்டியன்னு வந்தாரு, வந்த மனுஷன் தாயையும் பிள்ளையையும் பெஸ்டெஸ் கோட்டையில அடைச்சு வச்சுட்டாரு. ராணி எப்படியோ வெளிய வந்து கிழக்கே மொராவியா பக்கம் போயிடுறாங்க, சாவிஷ் அங்கதான் வந்து சேர்றாரு. பிள்ளையும் பொறந்துச்சு. 1283ல பையன் வாட்ஸ்லாவ் ராஜாவா தலைநகர் பிராகாவுக்குத் திரும்பினதும் அம்மா வர, அம்மாவோட சாவிஷும் வர, நாட்டை நடத்துனது யாருன்னு நான் சொல்லணுமா? 1285ல ஊரறிய கல்யாணம், அதே வருஷம் செப்டம்பர்ல ராணி போய்ச் சேர்ந்துட்டாங்க.

வேலு: மந்திரம் போட்டு மயக்கினார்னு எங்கயோ படிச்சேன் மேடம்.

அது ஸ்ப்ராஸ்லாவ் மடத்துக் குறிப்பேட்டுல வர்ற கதை. அந்த மடத்தைக் கட்டினதே வாட்ஸ்லாவ்தான் சார், அப்புறம் அங்க இருந்த துறவிங்க சாவிஷைப் பத்தி நல்லதா எழுதுவாங்களா? அவர் கெட்டிக்காரர்ங்கறதுக்கு மந்திரம்னு பேரு வச்சுட்டாங்க, என் அபிப்ராயம் இது. எதிரி எழுதுனதை வச்சுத்தான் நாம இவரைப் பார்க்கிறோம், அதை மறந்துடாதீங்க.

கவின்: அப்ப எங்க கவுந்தாரு?

ராணி போனப்புறம் அடங்கியிருக்கலாம்ல, மனுஷன் ஹங்கேரி ராஜா லாஸ்லோவோட கூடப்பொறந்த எலிசபெத்தைக் கட்டுறாரு, அந்தம்மா டான்யூப் ஆத்து நடுத்தீவுல கன்னியாஸ்திரியா இருந்தவங்க. பக்கத்து நாட்டு ராஜா மச்சான் ஆயாச்சுன்னா யாருக்குத்தான் பயம் வராது? வாட்ஸ்லாவுக்கு மாமனார் வேற அதே ருடால்ஃப். சாவிஷ் பிராகா கோட்டைக்கு வந்த இடத்துல புடிச்சு உள்ள போட்டாங்க, ராணி சொத்தெல்லாம் திருப்பிக் குடுன்னு கேட்டாங்க, முடியாதுன்னுட்டாரு.

அதுக்கப்புறம்தான் கொடுமை. அவரையே கோட்டை கோட்டையா இழுத்துட்டுப் போறாங்க, கதவைத் திறக்கிறியா இல்ல இவர் தலையை எடுக்கவான்னு. ஹ்லுபோகா கோட்டை அவரு தம்பி விட்டெக் கையில. தம்பி திறக்கல. 1290 ஆகஸ்ட் 24, கோட்டைக்குக் கீழ இருக்கிற புல்வெளியில தலையை வெட்டிட்டாங்க. வாளால இல்ல, கூராக்கின மரப்பலகையாலன்னு ஊர்ல ஒரு கதை சொல்லுவாங்க, அது கதைதான். அந்தப் புல்லை இன்னைக்கும் தண்டனைப் புல்வெளின்னுதான் கூப்பிடுறாங்க.

ஜெனிஃபர்: அடுத்த வருஷம் பிராகா போறோம் அக்கா, இவர் சம்பந்தமா என்ன பார்க்கலாம்?

பிராகாவோட நிக்காம தெற்கே போங்க. ஹ்லுபோகாவுல இப்ப இருக்கிறது 19ஆம் நூற்றாண்டுல மாத்திக் கட்டின வெள்ளை மாளிகை, போட்டோவுக்கு சூப்பர், ஆனா சாவிஷ் வாசனை அடிக்காது. அவரைப் புதைச்சது விஷ்ஷி ப்ரோட் மடத்துல, அவர் பேரைச் சொல்ற தங்கச் சிலுவையும் அந்த மடத்தோடதுதான். ரெண்டு குறுக்குக் கை இருக்கும், ஒரு பக்கம் முழுக்க முத்தும் கல்லும், திருப்பினா பைசாண்டிய எனாமல்ல குட்டிக்குட்டியா புனிதர்கள், பக்கத்துல கிரேக்க எழுத்து. போறதுக்கு முன்னாடி சிலுவையைக் காட்டுறாங்களான்னு ஒரு தடவை மடத்துல கேட்டுக்கோங்க.