கப்பல் இல்லாமலே தொடங்கலாம்

வணக்கம். இரண்டு முதுநிலை மாணவர்களோடு கடல்சார் இணையப் பாதுகாப்பு ஆய்வு தொடங்க நினைக்கிறீர்கள், கப்பல் நிறுவனங்கள் பதிலே போடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஓடுகிற கப்பலில் கைவைக்க யாரும் விடமாட்டார்கள். அதை இப்போதைக்கு விடுங்கள்.

மேசையிலேயே நிறைய வேலை இருக்கிறது. கப்பல் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்எம்இஏ 0183 என்ற தகவல் வடிவம் வெறும் எழுத்து வரிகள்தான். அனுப்பியது யார் என்று சரிபார்க்க அதில் வழியே கிடையாது. கப்பல்கள் தாங்கள் யார், எங்கே இருக்கிறோம் என்று வானொலியில் அறிவிக்கும் ஏஐஎஸ் கதையும் அதுதான். பொய்ச் செய்தி அனுப்பிப் பார்ப்பதெல்லாம் ஆய்வகக் கம்பி இணைப்புக்குள்ளேயே இருக்கட்டும், வானொலி அலையில் வேண்டாம். சிங்கப்பூர் துறைமுகம் பக்கத்தில்தான் இருக்கிறது!

அப்புறம், சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் (எஸ்யுடிடி) இணையப் பாதுகாப்பு ஆய்வு மையமான ஐடிரஸ்டுக்கு எழுதுங்கள். நீர்ச் சுத்திகரிப்புச் சோதனைக்களமான ஸ்வாட்டின் தரவைக் கேட்பவர்களுக்குத் தருகிறார்கள். கப்பலுக்கென்றே மாரியட் என்ற சோதனைக்களமும் அங்கே உண்டு (ஓட்டல் இல்லை).

நிறுவனங்களிடம் திரும்பப் போகும்போது 'தரவு தாருங்கள்' என்று போகாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் ஒப்பந்தமாகும் புதிய கப்பல்களுக்கு கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான ஐஏசிஎஸ்ஸின் இ26, இ27 என்ற இணையப் பாதுகாப்பு விதிகள் பொருந்தும். அதில் எங்கே திணறுகிறீர்கள் என்று கேளுங்கள். போகும்போது கப்பலில் வேலை பார்த்த மின்பொறியாளர் ஒருவரையும் கூட்டிப்போங்கள். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் வந்த பிறகுதான் எங்கள் கேள்விகளில் பாதி அபத்தம் என்று தெரிந்தது.