பழைய பத்மினியின் உள்பக்கத்தை எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

உங்கள் கேள்வி: 1978 மாடல் பிரீமியர் பத்மினி கார், சீட், கதவுப் பலகை, கூரைத் துணி எல்லாம் போய்விட்டது, எதை முதலில் மாற்றுவது, நம்ம வேலூர்ப் பக்கம்தானே, ஆம்பூரில் லெதர் வாங்கிப் போட்டுவிடலாமா?

லெதர் வேண்டாம். எனக்கும் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் சுலபமாகக் கிடைப்பது பெரும்பாலும் செருப்பு, ஷூவுக்கான மெல்லிய தோல், அதிலும் ஆட்டுத்தோல் என்றால் ஒரு தோலின் அளவு சிறியது, பத்மினியின் நீள சீட்டுக்கு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத்தான் தைக்க வேண்டும். போதாததற்கு அந்த வண்டிக்கு வந்ததே ரெக்சின்தான். நல்ல ரெக்சின் வாங்கி, பழைய தையல் கோடு அப்படியே வருகிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. பழையது எவ்வளவு கிழிந்திருந்தாலும் புதியது மாட்டி முடிகிற வரைக்கும் எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஏனென்றால் அளவு அதில்தான் இருக்கிறது. அப்பாவின் வண்டியைச் செய்தபோது கூரைத் துணி நாறுகிறது என்று அவிழ்த்த அன்றே எரித்துவிட்டேன். முதலில் கொடுத்த குஷன் கடையில் கண் அளவில் வெட்டித் தைத்தார்கள், உள்ளே துணியைத் தாங்கும் கம்பிகளையும் முன்னும் பின்னும் மாற்றிச் சொருகிவிட்டார்கள். மார்கழியில் நன்றாகத்தான் இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் பசை இளகி, ஓட்டுகிறவர் தலையில் முட்டாக்கு மாதிரி இறங்கிவிட்டது. கம்பிகளை எடுக்கும்போதே 1, 2, 3 என்று எண் எழுதி ஒட்டிவிடுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க வேண்டியது தரையில். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், கண்டிப்பாகத் துரு இருக்கும். தகட்டைச் சரிசெய்யும் டிங்கர் வேலை, பெயின்ட், ஓடும் வயர்களைச் சரிபார்ப்பது எல்லாம் சீட் வெளியே இருக்கும்போதே முடியட்டும். கார்ப்பெட் அழகுதான், ஆனால் ஒரு மழை நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்து மறுபடி துருவைக் கொண்டுவரும், ரப்பர் மேட் போதும். அப்புறம் கூரை, அதன் ஓரம் என் வண்டியில் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகிறது, அதனால் ரப்பர் மாற்றுவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியை இரண்டு தடவை கழற்ற வேண்டிவரும். கதவுப் பலகை ஹார்ட்போர்டு, பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு அறுத்தால் ஆயிற்று. மாட்டும் முன் கதவின் அடியிலுள்ள தண்ணீர் ஓட்டைகளைக் கம்பியால் குத்தி விடுங்கள், பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் ஒட்டுங்கள். பலகை ஊறி உப்பிப்போவதே அங்கேதான்.

சீட் கடைசி. ஸ்பிரிங் உடையவில்லை என்றால் அதை எடுக்கவே வேண்டாம். முழுக்க ஃபோம் போடலாம் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள், உட்கார்ந்தால் பழைய வண்டி மாதிரியே இருக்காது. ஸ்பிரிங் மேல் கெட்டிச் சாக்கு, அதன்மேல் தேங்காய் நார் மெத்தை, மேலே ஒரு அங்குல ஃபோம். சாக்கை விட்டுவிட்டால் ஸ்பிரிங்கே ஃபோமை அறுத்துவிடும்.

கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். சென்னை புதுப்பேட்டையில் இரண்டு ஞாயிறு தேடி மூன்று வாங்கினேன். நாலாவது கதவில் இன்னும் வேறு ஏதோ வண்டியின் கைப்பிடிதான் இருக்கிறது, உங்களுக்கு உபரியாகக் கிடைத்தால் சொல்லுங்கள்.