திருப்புளியைத் தொடாத வழிகாட்டி: ரோபோட்டிக்ஸ் மன்றம் பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், கோவில் மண்டபம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் சிறுவர் ரோபோட்டிக்ஸ் மன்றம் நடத்திவருகிறேன். வந்த கேள்விகளுக்கு இயன்றவரை பதில் எழுதியுள்ளேன்.

பீனிக்ஸிலிருந்து ஒரு தாய்: மன்றம் தொடங்க எந்த ரோபோ உறுப்புப் பெட்டியை வாங்கலாம், ஐயா?

எந்தப் போட்டி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அம்மா. ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்னும் சிறுவர் போட்டிக்கான ரோபோவை லெகோ உறுப்புகளால்தான் கட்ட வேண்டும். ஒரு அணியில் பத்துப் பேர் வரை சேரலாம். உலக ரோபோ ஒலிம்பியாடில் அணிக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான். போட்டியே வேண்டாமென்றால் ஆர்டுயினோ என்னும் நிரல் எழுதக்கூடிய சிறு மின்னணுப் பலகை போதும், செலவும் குறையும். ஆனால் மோட்டாரை அதன் முனையில் நேரடியாக இணைக்காதீர்கள். அம்முனையிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால், மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தரும் மோட்டார் டிரைவர் பலகை இடையில் கட்டாயம் வேண்டும்.

இசிபிங்கோ ஆசிரியை: அருகிலுள்ள பள்ளிகளுக்குச் சென்று செய்துகாட்ட எண்ணுகிறோம். எத்தனை பள்ளிகளுக்குப் போகலாம்?

ஒரே ஒரு பள்ளிக்கு. எங்கள் முதல் ஆண்டில் ஐந்து பள்ளிகளில் ரோபோவை ஓடவிட்டு, கைதட்டல் வாங்கி, படமும் எடுத்துக்கொண்டு திரும்பினோம். ஒரு பள்ளியில் நாங்கள் விட்டுவந்த பெட்டி, ஓர் உறுப்புகூடத் தொலைந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் அலமாரியில் பூட்டப்பட்டு ஆண்டு முழுவதும் திறக்கப்படாமலே கிடந்தது. அடுத்த ஆண்டு, எங்களை அடுத்துள்ள உம்லாசியில் ஒரே பள்ளிக்கு வாரந்தோறும் சென்றோம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஜூலு மொழி போதாத இடங்களில் அந்தப் பள்ளி மாணவி ஒருத்தியே மற்றவர்களுக்கு விளக்கினாள். எங்களுக்குப் பதிலாக அவளே வகுப்பை நடத்தத் தொடங்கியபோதுதான் அந்தப் பணி வேர் பிடித்தது என்று கருதினேன்.

டோங்காட் வாசகர்: எந்தப் பெட்டி நல்லது?

முதல் பதிலைப் பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தந்தை: போட்டிக்கு முந்தைய இரவு பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் சரிசெய்து கொடுத்தால் என்ன தவறு?

நானே செய்த தவறு அது. ரோபோ கோட்டைத் தாண்டிப் போகாமல் நின்றதால், பிள்ளைகள் உறங்கிய பிறகு நிரலில் ஓடும் நேரத்தைக் கூட்டினேன். மின்கலம் தளர்ந்திருந்ததால்தான் வண்டி குறைந்த தூரம் ஓடியது என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. காலையில், முழுதாக மின்னேற்றிய வண்டி சுவரில் மோதியது. ஏன் என்று நடுவர் கேட்டபோது, தாங்கள் எழுதாத எண்ணைப் பற்றிப் பிள்ளைகளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நொடிகளை விட்டுவிட்டுச் சக்கரச் சுற்றுகளை எண்ணியிருந்தால் பிழையே வந்திராது. 56 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17.6 சென்டிமீட்டர் செல்லும். அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை நான் பறித்துவிட்டேன்.

அதே தந்தை: மற்ற அணிகளில் பெற்றோர் கட்டித்தருகிறார்களே! எங்கள் பிள்ளைகள் மட்டும் தோற்க வேண்டுமா?

தோற்கட்டும், ஐயா.

வெருலம் வாசகி: நான் அவர் பக்கம். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தவிக்கவிடுவது வழிகாட்டுதலா?

தவிக்கவிடச் சொல்லவில்லை, அம்மா. இடப்பக்கம் ஏன் திரும்புகிறது, இரண்டு சக்கரங்களும் தடையின்றிச் சுற்றுகின்றனவா, நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே எதை மாற்றினாய் என்று கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் திருகு இறுக்கும் வலிமை இல்லையென்றால், அவன் காட்டும் இடத்தில் மட்டும் இறுக்கிக் கொடுங்கள். அவன் கேளாமல் உங்கள் கை மேசைக்கு மேலே வரக்கூடாது.

லேடிஸ்மித் இளைஞர்: தொண்டர்களைச் சேர்க்கையில் எதைக் கவனிக்க வேண்டும்?

தம்பி, இதில் சலுகையே காட்டாதீர்கள். 2005ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி பேணப்படும் தேசியச் சிறார் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், சிறாருடன் பணியாற்றத் தகுதியற்றோரின் பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு தொண்டரையும் சரிபார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள், உறவினரானாலும். ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளையுடன் இருக்கக் கூடாது. படம் வெளியிடப் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும்.

ஸ்டாங்கர் வாசகர்: தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. உம்லாசி பற்றிய பதிலைப் படியுங்கள்.

மற்றொருவர்: என் மகளுக்கு எந்தப் பெட்டி வாங்கலாம்?

மூன்றாம் முறை கேட்கப்படுகிறது. பெட்டி வாங்க வேண்டாம். அவளை ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தந்தை: சரி, ஐயா. கையைக் கட்டிக்கொண்டு நான் அங்கே என்னதான் செய்வது?

லெகோ லீக்கில் ஓர் ஓட்டம் 150 விநாடி. நேரத்தைப் பிடியுங்கள், ஒவ்வொரு ஓட்டத்திலும் எது தவறியது என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுங்கள், மின்கலங்களுக்கு முன்கூட்டியே மின்னேற்றி வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் ஆள் தேவைப்படுகிறது.