சேவைகளை இணைத்தலும் மாற்றி இணைத்தலும்: கேள்வி பதில்

கேள்வி: ஆர்டர், சரக்கிருப்பு, கட்டணம், அனுப்புதல் என நான்கு சேவைகளை (தனித்தனியே இயங்கும் மென்பொருள்களை) ஒரே செயல்முறையாக இணைக்க ஆர்க்கெஸ்ட்ரேஷன் ஏற்றதா, கோரியோகிராஃபி ஏற்றதா?

பதில்: முன்னதில் ஒரு மையச் சேவை மற்றவற்றை வரிசையாக அழைக்கும், பின்னதில் ஒவ்வொரு சேவையும் நிகழ்வுச் செய்தியைக் கேட்டுத் தானே இயங்கும். பணம் கைமாறுவதாலும், ஓர் ஆர்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை ஓரிடத்தில் பார்த்துச் சொல்ல வேண்டியிருப்பதாலும், இங்கே ஆர்க்கெஸ்ட்ரேஷனையே பரிந்துரைக்கிறேன். மின்னஞ்சல் அறிவிப்பு போன்றவற்றை நிகழ்வுகளிடம் விட்டுவிடலாம்.

கேள்வி: கட்டணம் வசூலான பின் அனுப்புதல் தோல்வியடைந்தால் அனைத்தையும் ரோல்பேக் செய்ய, அதாவது எதுவும் நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா?

பதில்: முடியாது. முந்தைய சேவைகள் தத்தம் டேட்டாபேஸில் ஏற்கெனவே கமிட் செய்துவிட்டன, அதாவது மாற்றங்களை நிரந்தரமாகப் பதிந்துவிட்டன. நீண்ட பரிவர்த்தனையைச் சிறியனவாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விளைவையும் ஈடுசெய்யும் செயலை முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையை, ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் டேட்டாபேஸ்களுக்காக ‘சாகா’ என்ற பெயரில் முன்வைத்தார்கள்; சேவைகளைச் செயல்முறையாக இணைக்க 2007-இல் தரமாக்கப்பட்ட டபிள்யூஎஸ்-பிபெல் 2.0 மொழியிலும் ஈடுசெய்யும் செயலுக்குத் தனி இடம் உண்டு. ஆனால், பணத்தைத் திருப்பித் தருவது வசூலித்ததை அழித்துவிடாது. வாடிக்கையாளரின் கணக்கில் இரண்டு பதிவுகளும் தெரியும். ஆகவே முதலில் இருப்பை ஒதுக்கி, அட்டையில் தொகையை நிறுத்திவைத்து, அனுப்புதல் உறுதியான பின்னரே வசூலியுங்கள்.

கேள்வி: கட்டணச் சேவையிடமிருந்து பதிலே வராமல் டைம்அவுட் ஆனால் மீண்டும் அழைக்கலாமா?

பதில்: வெளிப்படையான தோல்வியைவிட ஆபத்தானது இதுதான், பணம் வசூலானதா இல்லையா என்பதே அழைத்த சேவைக்குத் தெரியாது. ஒவ்வொரு கோரிக்கையுடனும் ஒரு தனித்த அடையாள எண்ணை அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே தரும்படி கட்டணச் சேவையை எழுதியிருந்தால், தயங்காமல் அழைக்கலாம். மறுமுயற்சியின்போது புதிய எண்ணை உருவாக்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பிறர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்த எண்ணை உருவாக்கும் வரியைத்தான்.

கேள்வி: ஒவ்வொரு சேவையும் 99.9% நேரம் இயங்கினால் மொத்தமும் அப்படியே இருக்குமா?

பதில்: இருக்காது. ஒன்றையொன்று சாராமல் பழுதாகும் நான்கு சேவைகளையும் ஒரே கோரிக்கைக்குள் அழைத்துப் பதிலுக்குக் காத்திருந்தால், அது ஏறத்தாழ 99.6% ஆகிவிடும்.

கேள்வி: இதே கட்டணச் சேவையை மாதச் சந்தாவுக்கும் பயன்படுத்த விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அதை எப்படி அழைப்பது என்று வரையறுக்கும் ஒப்பந்தத்தில் ஆர்டர் எண் கட்டாயமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சந்தாவுக்காகப் பொய்யான ஆர்டர்களை உருவாக்க நேரிடும். அவை பின்னர் விற்பனை அறிக்கைகளிலும் கலந்துவிடும். தொகை, செலுத்துபவர், அழைப்பவர் தரும் பொதுவான குறிப்பெண் ஆகிய மூன்றை மட்டும் அது கேட்கட்டும்; அந்தக் குறிப்பெண் எதைச் சுட்டுகிறது என்பதை அழைக்கும் செயல்முறையே வைத்துக்கொள்ளட்டும். வசூலித்தலோடு தொகையைத் திருப்பித் தரும் செயலையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அது இல்லாத சேவையை எந்தப் புதிய செயல்முறையிலும் நம்பி இணைக்க முடியாது.