கிண்டிக் காட்டைத் திறந்துவிடலாமா?

ஐயா, வணக்கம். கிண்டியில் சிறுவர் பூங்காவோடு நிறுத்திவிட்டு, தேசியப் பூங்காவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். முதுமலையில் வேன் சவாரி இருக்கிறதே! இங்கேயும் பேட்டரி கார் விட்டால் அரசுக்கு வருமானம், பிள்ளைகளுக்கும் காடு தெரியும். ஏன் கூடாது?
– க., வேளச்சேரி

அன்புள்ள க.,

முதுமலை சரணாலயம் 321 சதுர கி.மீ. கிண்டி 2.7தான். வேன் சத்தம் கேட்டு யானை விலகிப்போக அங்கே இடம் இருக்கிறது. இங்கே விலகினால் ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் ஐஐடி, மிச்சத்துக்கு ரோடும் கட்டடங்களும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே வாழும் வெளிமான். கண்ணால் பார்த்து, ஓடித் தப்பிக்கிற மிருகம். அதற்குப் புதர் ஆகாது, திறந்த புல்வெளி வேண்டும். கிண்டியில் அது கொஞ்சம்தான். மான் நன்றாகத் தெரிவதும் அங்கேதான். வண்டி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாய்மான் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தள்ளி மேயும். நடுவில் ஆள் நின்றால் பால் கொடுக்க வராது.

அதற்காக முழுக்கப் பூட்டச் சொல்லவில்லை. புல்வெளியைத் தொடாமல், ஓரமாக ஒரு கி.மீ. நடைபாதை, ஒருவழியாக. வழிகாட்டியோடு பத்துப் பேர் ஒரு குழு. குழுக்களுக்கு நடுவே 250 மீட்டர். ஒரே நேரத்தில் நாற்பது பேர். காலை 6 முதல் 9 வரை ஆட்களை உள்ளே விட்டால், ஒன்றரை மணி நேர நடைக்கு இரண்டு சுற்று, எண்பது பேர். மழைநாளில் அதுவும் கிடையாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து டிக்கெட் கொடுத்தால் கெட்டது. எண்பது பேரும் ஏழு மணிக்கே வாசலில் நிற்பார்கள். சீட்டிலேயே நேரம் அச்சாக வேண்டும்.

தின்பண்டம் வாசலோடு சரி. சிப்ஸ் பாக்கெட்டில் ஒட்டிய உப்புக்காக மான் உறையோடு விழுங்கும். அது இரைப்பையில் தங்கிவிட்டால் வயிறு நிறைந்த மாதிரியே இருக்கும். மேயாமல் மெலிந்து சாகும்.

வருமானம் என்றீர்களே, அது முதலில் சீமைக்கருவேலத்தை ஒழிக்கப் போகட்டும். வெட்டினால் போதாது, அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். காய்களைப் புள்ளிமான் தின்று சாணத்தில் விதை பரப்புவதால், முளைக்கிற கன்றுகளை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பிடுங்கவும் ஆள் வேண்டும். விட்டால் புல்வெளி புதராகிவிடும்.

பேட்டரி கார் தாராளமாக ஓடட்டும், சிறுவர் பூங்காவுக்குள். முட்டிவலிக்காரர்களுக்கு உதவும்.